ஏலக்காய்க் குழுமடல்: எந்த மெயில் செயலி, பதிலை எங்கே எழுதுவது?

குமுளி_மலைச்சாலை
நம்ம ஏலத்தோட்டக் குழுமடலில் (மெயிலிங் லிஸ்டில்) ஒரு கேள்விக்கு ஏழெட்டுப் பதில் விழுந்துவிட்டால், யார் எதற்குப் பதில் சொன்னார் என்பதே பிடிபடுவதில்லை. பழைய மடல் முழுவதும் அடியில் தொங்குகிறது, அதற்கடியில் அதற்கு முந்தையது. சில மடல்கள் "மட்டுறுத்துநர் பார்வைக்கு நிறுத்தப்பட்டது" என்று திரும்பியும் வருகின்றன. மூன்று விஷயம் தெளிவாக வேண்டும். லேப்டாப்பிலும் போனிலும் எந்தச் செயலி நல்லது? பதிலை மேலே எழுதுவதா, கீழே எழுதுவதா? மடல் ஏன் நிற்கிறது?

மட்டுறுத்துநர்
இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன். அது சரியானால் மற்ற இரண்டும் பாதி சரியாகிவிடும்.

மேலேயும் இல்லை, அடியிலும் இல்லை. எந்த வரிக்குப் பதில் சொல்கிறோமோ அந்த வரிக்குக் கீழே எழுத வேண்டும், மற்றதை வெட்டிவிட வேண்டும். ஏன் என்று ஒரு உதாரணம். ஒருவர் மூன்று கேள்வி கேட்கிறார்: அழுகலுக்கு இப்போதே போர்டோ கலவை (துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி) அடிக்கலாமா, மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு. பதில் இப்படி வருகிறது: "அடிக்கலாம். ஒரு கிலோ போதும்." அடியில் பழைய மடல் முழுசாக. ஒரு கிலோ எது? துத்தமா, சுண்ணாம்பா? எத்தனை லிட்டருக்கு? கேட்டவருக்குத் தான் கேட்டது நினைவிருக்கும், புரிந்துகொள்வார். அடுத்த இடவப்பாதிக்கு (தென்மேற்குப் பருவமழைக்கு) முன்னால் காப்பகத்தில் தேடி எடுப்பவருக்கு அது புரியாது. சுண்ணாம்பு குறைந்த கலவையை அடித்துவிட்டால் இலையும் காய்ச் சரமும் கருகும்.

அதே பதில் சரியாக எழுதினால்:

> அழுகலுக்கு இப்போதே போர்டோ அடிக்கலாமா?

அடிக்கலாம். மழை பிடிப்பதற்கு முன் அடிப்பதுதான் பலன்.

> மயில்துத்தம் எவ்வளவு?

ஒரு சதவீதக் கலவை என்றால் 100 லிட்டருக்கு 1 கிலோ. 50 லிட்டரில் தனியாகக் கரைக்கவும், பிளாஸ்டிக் பீப்பாயில்.

> சுண்ணாம்பு?

நல்ல சுட்ட சுண்ணாம்பு அதே 1 கிலோ, மீதி 50 லிட்டரில். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் கலக்கிக்கொண்டே ஊற்றவும், மாற்றி ஊற்ற வேண்டாம். இரும்புக் கத்தியை முக்கிப் பார்த்துச் செம்பு படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்கவும்.

இதைப் படிக்க முந்தைய மடல் எதுவும் தேவையில்லை. கேள்வியைச் சொன்னவர் யார் என்ற ஒரு வரி மட்டும் உச்சியில் இருக்கட்டும். அதைச் செயலியே போட்டுவிடும், அழிக்காதீர்கள்.

போடிமெட்டு
சார், கொள்கை சரி. ஆனால் குழுவில் பாதிப்பேர் போனில் ஜிமெயிலில்தான் பதில் சொல்கிறார்கள். சரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வரி எழுதுகிறவரிடம் வெட்டு, நடுவில் எழுது என்றால் எழுதவே மாட்டார். ஒரு கேள்வி, ஒரு வரிப் பதில் என்றால் மேலே எழுதினால் என்ன கெட்டுவிடும்?

மட்டுறுத்துநர்
> ஒரு கேள்வி, ஒரு வரிப் பதில் என்றால் மேலே எழுதினால் என்ன கெட்டுவிடும்?

ஒன்றும் கெடாது, பழைய மடலை முழுசாக அழித்துவிட்டால். மேலே எழுதுவதைவிட, அடியில் வெட்டாமல் விடுவதுதான் பெரிய கேடு. போனில் எழுதுபவர் கேள்வியைத் தன் வாக்கியத்திலேயே சொல்லிவிடட்டும்: "போர்டோவுக்குத் துத்தம் 100 லிட்டருக்கு 1 கிலோ." அதற்கு மேற்கோளே வேண்டாம்.

வண்டன்மேடு
லேப்டாப்புக்கு என் பரிந்துரை தண்டர்பேர்ட். நிறுவியபின் அப்படியே விட்டால் போதாது, சில இடங்களைத் தொட வேண்டும்.

அக்கவுண்ட் செட்டிங்ஸுக்குள் கம்போசிஷன் அண்ட் அட்ரசிங் என்ற பக்கம் இருக்கிறது. அங்கே எச்டிஎம்எல் (நிறம், எழுத்துரு சேர்ந்த) வடிவில் எழுது என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். அதே பக்கத்தில், பதிலை மேற்கோளுக்குக் கீழே தொடங்கு என்பதைத் தேர்ந்தெடுங்கள். கணக்கு ஒவ்வொன்றுக்கும் இது தனித்தனி. அலுவலகக் கணக்கு எப்படியோ இருக்கட்டும், குழுமடல் வரும் கணக்கில் மாற்றினால் போதும். ஒரே ஒரு மடலுக்கு மட்டும் வடிவத்தை மாற்ற வேண்டுமானால், ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரிப்ளை பொத்தானைச் சொடுக்குங்கள்.

பலருக்குத் தெரியாத வசதி ஒன்று. மடலைப் படிக்கும்போதே, பதில் சொல்ல வேண்டிய இரண்டு வரியை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்துவிட்டு ரிப்ளை அழுத்தினால், அந்த இரண்டு வரி மட்டும்தான் மேற்கோளாக வரும். வெட்டுகிற வேலையே மிச்சம். ஐபோனின் மெயில் செயலியிலும் இதே மாதிரி நடக்கும்.

குழுவுக்குப் பதில் சொல்ல "ரிப்ளை லிஸ்ட்" என்று தனிப் பொத்தான் உண்டு, கண்ட்ரோல்+ஷிஃப்ட்+எல். மடலின் தலைப்பகுதியில் லிஸ்ட்-போஸ்ட் என்ற வரி இருந்தால்தான் அது தலைகாட்டும். இந்த வரிகளை வகுத்தது 1998-இல் வந்த ஆர்எஃப்சி 2369 என்ற இணைய விதி ஆவணம். மெயில்மேன், கூகுள் குரூப்ஸ் போன்ற குழுமடல் மென்பொருள்கள் எல்லாம் இதைத் தானே சேர்த்து அனுப்புகின்றன.

மழைக்காலத்தில் சிக்னல் போய்ப்போய் வரும் நம்ம பக்கத்துக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐமேப் (மடல் சர்வரிலேயே இருக்கும்) கணக்கில் மடல்களைக் கணினியிலேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம். லைன் இல்லாதபோது பதிலை எழுதி கண்ட்ரோல்+ஷிஃப்ட்+என்டர் அழுத்தினால் அவுட்பாக்ஸில் காத்திருக்கும். லைன் வந்ததும் அனுப்பலாம். உலாவியில் ஜிமெயில் திறந்து எழுதுவதைவிட இது எவ்வளவோ நிம்மதி.

குமுளி_மலைச்சாலை
ஜிமெயில் கணக்கை அதில் சேர்த்தால் பாஸ்வேர்ட் தவறு என்று சொல்கிறதாமே?

வண்டன்மேடு
வெறும் பாஸ்வேர்டில் நுழையும் வழியைக் கூகுள் தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே மாதத்தோடு நிறுத்தத் தொடங்கிவிட்டது. தண்டர்பேர்டில் அந்தக் கணக்கின் சர்வர் செட்டிங்ஸுக்குள் போய், அத்தென்டிகேஷன் முறையை ஓஆத்2 என்று மாற்றுங்கள். கூகுளின் நுழைவுச் சாளரம் திறக்கும், அனுமதி கொடுத்தால் முடிந்தது. அனுப்பும் சர்வருக்கும் அதே மாற்றத்தைத் தனியாகச் செய்ய வேண்டும். உள்ளே வரும் மடல் வரும், பதில் மட்டும் போகாது என்றால் பெரும்பாலும் இந்த இரண்டாவது இடம் விட்டுப்போயிருக்கும்.

நெடுங்கண்டம்
ஜிமெயிலை விட்டு வரமாட்டேன் என்பவர்களுக்காக. உலாவியில் பதில் பெட்டியின் கீழ் ஓரத்தில் மூன்று புள்ளி மெனு இருக்கும், அதில் பிளைன் டெக்ஸ்ட் மோட். ஒரு தடவை வைத்துவிட்டால் அடுத்த மடலுக்கும் அப்படியே இருக்கும். பிறகு மேற்கோளை மறைத்து வைத்திருக்கும் மூன்று புள்ளியைச் சொடுக்கினால் பழைய மடல் ">" குறிகளோடு விரியும், வேண்டாத வரிகளை அழித்துவிட்டு இடையில் எழுதலாம். எச்டிஎம்எல் முறையிலேயே இடையில் எழுதினால் நம்ம எழுத்தும் அந்தச் செங்குத்துக் கோட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். குழுவுக்கு வெறும் உரையாகப் போய்ச் சேரும்போது, நாம் சொன்னதையும் கேட்டவரே சொன்னதாகக் காட்டும். கண்ட்ரோல்+ஷிஃப்ட்+9 அழுத்தினால் கோட்டிலிருந்து வெளியே வரலாம்.

"நான் அனுப்பியது எனக்கே வரவில்லை, குழுவுக்குப் போயிற்றா?" என்று மாதம் ஒருவர் கேட்கிறார். நாம் குழுவுக்கு அனுப்பியதன் பிரதி திரும்பி வந்தால் ஜிமெயில் அதை இன்பாக்ஸில் காட்டாது. மெசேஜ்-ஐடி (மடலின் அடையாள வரி) ஒன்றே என்பதால் அனுப்பியவற்றில் இருப்பதே போதும் என்று விட்டுவிடும். போனதா என்று பார்க்கக் குழுவின் காப்பகத்தைப் பாருங்கள், மறுபடி அனுப்பாதீர்கள். ஒரே மடல் இரண்டு தடவை வருவதில் பாதி இதனால்தான்.

மட்டுறுத்துநர்
இப்போது மூன்றாவது கேள்வி, மடல் ஏன் நிற்கிறது. நம்ம குழு மெயில்மேன் 2.1-இல் ஓடுகிறது. அதில் ஒரு மடலின் உச்ச அளவு இயல்பாகவே 40 கேபி. ஆங்கில மடலுக்கு அது தாராளம். தமிழுக்கும் மலையாளத்துக்கும் அப்படி இல்லை.

"ஏலக்காய்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கணினிக்கு அது எட்டுக் குறியீடு: ஏ, ல, க, புள்ளி, க, துணைக்கால், ய, புள்ளி. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 24 பைட். அதை வெறும் ஆங்கில எழுத்துகளாக்கும் பேஸ்64 முறையில் மாற்றி அனுப்பும் செயலியில் 32 ஆகும். கோட்டட்-பிரின்டபிள் முறையில் அனுப்பினால் பைட் ஒவ்வொன்றும் மூன்று எழுத்தாகி 72. எச்டிஎம்எல் மடல் என்றால் வெறும் உரைப் பிரதி ஒன்று, எச்டிஎம்எல் பிரதி ஒன்று என இரண்டும் சேர்ந்து போகும், அப்போது 144. 40 கேபி என்பது 40,960 பைட். இந்த நீளச் சொற்களாக எழுதினால் 284 சொல்லில் வரம்பு முடிந்துவிடும், நிறக் குறிகளையும் எழுத்துருக் குறிகளையும் கணக்கில் எடுக்காமலேயே. நான்கு பேர் வெட்டாமல் மேலே மேலே எழுதினால் ஐந்தாவது மடல் என்னிடம் வந்து நிற்கும். வெறும் உரையாக, மாற்றம் எதுவும் செய்யாமல் அனுப்பும் செயலியில் அதே இடத்தில் 1,600 சொல் போகும்.

வரம்பை உயர்த்தலாமே என்று சிலர் தனிமடலில் கேட்டார்கள். உயர்த்த மாட்டேன். மேட்டில் 2ஜி மட்டும் கிடைக்கும் தோட்டங்களில் இருந்து படிப்பவர்கள் குழுவில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் மடல் இறங்க வேண்டும்.

கம்பம்_பள்ளத்தாக்கு
தலைப்பில் கட்டம் கட்டமாக வருவதற்கும் இதே மாதிரி கணக்கு இருக்கிறதா? "கட்டப்பனை அழுகல் நோய்" என்று ஒரு மடல். சிலருக்கு "அழுகல்" என்பதன் கடைசிப் புள்ளி இருந்த இடத்தில் கேள்விக்குறிகள்.

நெடுங்கண்டம்
இருக்கிறது. தலைப்பில் ஆங்கிலமல்லாத எழுத்தைச் சுற்றி அனுப்ப 1996-இன் ஆர்எஃப்சி 2047 ஒரு பொட்டல முறை வைத்தது. பொட்டலம் ஒன்று 75 எழுத்துக்குள் இருக்க வேண்டும். யூடிஎஃப்-8, பேஸ்64 என்று சொல்லும் முன்பின் குறிகளுக்கு 12 போக, உள்ளே 45 பைட்தான் கொள்ளும். "கட்டப்பனை" 27 பைட், இடைவெளி 1, "அழுகல" 15. மொத்தம் 43. அடுத்து வரும் புள்ளிக்கு 3 பைட் வேண்டும், மிச்சம் 2. எழுத்தை உடைக்காமல் அடுத்த பொட்டலத்துக்குத் தள்ள வேண்டும் என்பது விதி. அதைப் பார்க்காத செயலி 45-இல் கண்ணை மூடிக்கொண்டு வெட்டும், புள்ளி இரண்டாக உடையும்.

நம்ம கையில் இருப்பது, தலைப்பைச் சுருக்கமாக வைப்பது. "அழுகல் நோய்" போதும், முழுதாக ஒரே பொட்டலத்தில் அடங்கும். அனுப்பியவர் எந்தச் செயலி என்று பார்த்து, அதைப் புதுப்பிக்கச் சொல்வதும் நல்லது.

போடிமெட்டு
தலைப்பைப் பற்றிப் பேசும்போதே இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். புதுக் கேள்வி கேட்பதற்கு, பழைய மடல் ஒன்றைத் திறந்து ரிப்ளை அழுத்தி, தலைப்பை மட்டும் மாற்றி எழுதுகிறவர்கள் பலர். முகவரி தட்டச்ச வேண்டாம் என்ற வசதிக்காக. அது புது இழை ஆகாது. இன்-ரிப்ளை-டு, ரெஃபரன்சஸ் என்ற மறைவரிகள் பழைய மடலின் ஐடியைச் சுமந்துகொண்டே போகும். ஜிமெயில் தலைப்பு மாறியதும் தனி உரையாடலாகக் காட்டிவிடும், அதனால் அனுப்பியவருக்குத் தவறு தெரியாது. தண்டர்பேர்டில் பார்ப்பவருக்கோ புத்தடி ஏலக்காய் ஏல நிலவரத்துக்கு அடியில் திரிப்ஸ் பூச்சி மருந்துக் கேள்வி ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த இழையே வேண்டாம் என்று கே விசையை அழுத்தி ஒதுக்கி வைத்தவருக்கு உங்கள் கேள்வி கண்ணிலேயே படாது.

குழு முகவரியை முகவரிப் புத்தகத்தில் சேர்த்துவிட்டுப் புது மடலாகத் தொடங்குங்கள். பேச்சு திசை மாறினால் மட்டும், அதே இழைக்குள் தலைப்பை மாற்றி, அடைப்புக்குள் "முன்பு: இன்னது" என்று எழுதினால் சரி.

கம்பம்_பள்ளத்தாக்கு
மட் (Mutt, கட்டளைத் திரையில் ஓடும் மெயில் செயலி) பயன்படுத்துபவர்கள் இப்படி ஒட்டிய இழையை # விசையால் பிரிக்கலாம், பிரிந்ததை & விசையால் சேர்க்கலாம். உங்கள் பெட்டியில் மட்டும்தான் மாறும், காப்பகத்தில் மாறாது. குழுவுக்குப் பதில் பெரிய எல். மட்டின் அமைப்புக் கோப்பான மட்ஆர்சியில் subscribe என்ற கட்டளையோடு குழு முகவரியை ஒரு வரியாகச் சேர்த்தால்தான் அது வேலை செய்யும்.

ராஜகுமாரி_அக்கா
ரிப்ளை அழுத்தினால் தனியாளுக்குப் போவதா, குழுவுக்குப் போவதா என்பதை யாரும் தொடவில்லையே. என் கருத்து, குழுவுக்கே போக வேண்டும். இப்போது நல்ல பதில்களில் பல தனியாளுக்குப் போய் முடிந்துவிடுகின்றன. மற்றவர்கள் அதே கேள்வியைத் திரும்பக் கேட்கிறார்கள்.

மட்டுறுத்துநர்
அக்கா, நீங்கள் சொல்லும் நட்டம் உண்மை. ஆனால் மறுபக்கத்து நட்டம் பெரிது. ரிப்ளை-டு வரியைக் குழுவுக்குத் திருப்பிவிட்டால், தனியாக விலை பேசும் மடல், எந்தக் கடையில் கடன் நிற்கிறது என்ற மடல், எல்லாம் தெரியாமல் குழுவுக்குப் போகும். போனது போனதுதான், பத்து நிமிடத்தில் எல்லோர் பெட்டியிலும் இருக்கும். தனியாளுக்குத் தவறிப் போன பதிலை அவர் குழுவுக்கு அனுப்பிவிடலாம். குழுவுக்குத் தவறிப் போனதைத் திரும்ப எடுக்க வழியில்லை. அதனால் இப்போதுள்ளபடியே இருக்கட்டும்.

ராஜகுமாரி_அக்கா
சரி தம்பி. அப்படியானால் ஜிமெயிலில் ரிப்ளை ஆல் என்று எல்லோருக்கும் சொல்லுங்கள். அதில் குழுவுக்கென்று தனிப் பொத்தான் இல்லை.

நெடுங்கண்டம்
ரிப்ளை ஆல் அழுத்தினால் கேட்டவருக்கு இரண்டு பிரதி போகும்: நேராக ஒன்று, குழு வழியாக ஒன்று. அனுப்பும் முன் அவர் பெயரை அழித்துவிட்டுக் குழு முகவரியை மட்டும் வைப்பது நல்லது. மெயில்மேனில் இரட்டைப் பிரதியைத் தவிர் என்ற தெரிவு போட்டிருப்பவருக்கு வேறொரு இடைஞ்சல்: குழு வழிப் பிரதி நின்றுவிடும், நேராக வந்ததில் லிஸ்ட்-ஐடி வரி இருக்காது, அவர் போட்டிருக்கும் வடிகட்டி அதைப் பிடிக்காது. மடல் ஏலக் கோப்புறைக்குப் போகாமல் இன்பாக்ஸில் கிடக்கும்.

யாஹூ முகவரி வைத்திருப்பவர்கள் பெயருக்குப் பக்கத்தில் "வழியாக" என்று குழுவின் பெயர் வருவதையும் சிலர் கேட்டிருந்தார்கள். 2014 ஏப்ரலில் யாஹூ தன் முகவரிகளுக்கு டிமார்க் (போலி அனுப்புநரைத் தடுக்கும்) விதியை இறுக்கியது: தன் சர்வரில் இருந்து வராத, கையொப்பம் பொருந்தாத மடலை மறுத்துவிடு என்று. குழுமடல் தலைப்பில் முன்னொட்டும் அடியில் குறிப்பும் சேர்ப்பதால் கையொப்பம் உடையும், பெறுகிற பக்கம் மறுக்கும். அதற்காக மெயில்மேன் அனுப்புநர் வரியில் குழுவின் முகவரியை வைத்து, அசல் முகவரியை ரிப்ளை-டு வரிக்கு மாற்றுகிறது. இவர்களுக்குப் பதில் சொல்லும்போது டு வரியை ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

குமுளி_மலைச்சாலை
போனுக்கு?

வண்டன்மேடு
ஆண்ட்ராய்டில் தண்டர்பேர்ட். கே-9 மெயில் என்ற செயலியிலிருந்து உருவானதுதான், 2024 அக்டோபரில் இந்தப் பெயரில் வந்தது. கணக்கு அமைப்புகளில் மெயில் அனுப்பும் பகுதியில் மெசேஜ் ஃபார்மட்டை பிளைன் டெக்ஸ்ட் ஆக்குங்கள், மேற்கோளுக்குப் பின் பதில் என்பதையும் இயக்குங்கள். போனின் பெயரைச் சொல்லும் கையொப்பத்தை எடுத்துவிட்டு ஊர் பெயரை மட்டும் வையுங்கள். போன் நம்பர் வேண்டாம், காப்பகம் யார் கண்ணுக்கும் படும்.

கையொப்பத்துக்கு மேலே இரண்டு கோடும் ஒரு இடைவெளியும் மட்டும் உள்ள வரி இருக்க வேண்டும். அந்த இடைவெளி முக்கியம். அது இருந்தால் பதில் சொல்லும்போது தண்டர்பேர்ட் கையொப்பத்தைத் தானே வெட்டிவிடும்.

கம்பம்_பள்ளத்தாக்கு
தேடுவது பற்றி ஒரு விஷயம். மலையாள மடல்களில் சில்லெழுத்துகள் (உயிர் சேராத மெய்யெழுத்து வடிவங்கள்) 2008-இல் யூனிகோடு 5.1 வந்தபோதுதான் தனி எழுத்தாயின. அதற்கு முன் மெய்யெழுத்து, சந்திரக்கலை, கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் என மூன்றாக எழுதினார்கள். சில விசைப்பலகைகள் இப்போதும் அப்படியே அடிக்கின்றன. திரையில் ஒரே மாதிரி இருக்கும், தேடினால் கிடைக்காது. தமிழிலும் கொ, கோ போன்றவற்றைச் சிலர் கொம்பும் காலும் தனித்தனியாக அடித்துவிடுகிறார்கள். காப்பகத்தில் ஒரு சொல் சிக்கவில்லை என்றால், அந்த எழுத்து இல்லாத துண்டைத் தேடிப்பாருங்கள். "கொத்தமல்லி"க்குப் பதில் "த்தமல்லி" என்று.

ராஜகுமாரி_அக்கா
நாள் முழுக்க வந்ததைத் தொகுத்து ஒரே மடலாக வாங்குகிறேன். அதிலிருந்து பதில் சொல்லலாமா?

மட்டுறுத்துநர்
அப்படியே ரிப்ளை அழுத்தினால் தலைப்பில் தொகுப்பின் எண் வரும், மேற்கோளில் அன்றைய மடல் அத்தனையும் வரும், இழையும் அறுந்துபோகும். படிக்க மட்டும் என்றால் தொகுப்பு நல்லது அக்கா. பதில் சொல்லும் பழக்கம் உண்டென்றால் உங்கள் உறுப்பினர் பக்கத்தில் தொகுப்பு வகையை மைம் என்று மாற்றுங்கள். ஒவ்வொரு மடலும் உள்ளே தனி இணைப்பாக வரும். தண்டர்பேர்டில் அதைத் திறந்து பதில் சொன்னால் தலைப்பும் மெசேஜ்-ஐடியும் சரியாகப் போகும். போனில் இது எல்லாச் செயலியிலும் திறக்காது, லேப்டாப்பில் செய்யுங்கள்.

நிறுத்தி வைத்த மடல்களில் வெட்டிச் சுருக்கி மறுபடி அனுப்பக்கூடியவற்றை அனுப்பியவர்களுக்கே திருப்பிவிட்டேன். அழுகல் படம் அனுப்புபவர்கள் படத்தை மடலில் ஒட்டாமல், ஏதாவது ஒரு பகிர்விடத்தில் ஏற்றி முகவரியை மட்டும் தாருங்கள். முகவரியை வரியின் நடுவில் வைக்காமல் தனி வரியில் வையுங்கள், மடிப்பில் உடையாது.